டில்லி, ஆக்ரா, ஜெய்ப்பூரை வீல்சேரில் சுற்றிப் பார்க்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அக்காவுக்குச் சின்ன வயதிலேயே போலியோ. நாங்கள் டில்லிக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, வீடு மயூர் விஹாரில். அக்காவை வீல்சேரில் தள்ளிக்கொண்டு ஊர் சுற்றிப் பழகியதுதான் எனக்கு இருக்கும் ஒரே பயிற்சி. அப்புறம் ஊரிலிருந்து சித்தப்பா வந்தார், சித்தப்பாவின் சம்பந்தி வந்தார், சம்பந்திக்குத் தெரிந்தவர்கள் வந்தார்கள். இப்போது குளிர்காலம் பிறந்தால் நானும் இரண்டு நண்பர்களும் வீல்சேர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு டில்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் என்று கிளம்பிவிடுகிறோம். போனில் எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

நடக்க முடியாதவர் உள்ளே போய்ப் பார்க்க முடியுமா, இல்லை காரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா?

உள்ளே போகலாம். எல்லா இடத்திலும் அல்ல, ஆனால் நீங்கள் நினைப்பதைவிட அதிக இடங்களில்.

இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 2001 ஜனவரியில் இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் டில்லிக்கு வந்தார். அவர் குதுப் மினார் பார்க்க வேண்டும், ஆனால் வீல்சேர் போக வழியில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகப் போராடிய ஜாவேத் ஆபிதி விடாமல் குரல் கொடுத்தபின், தொல்லியல் துறை அவசர அவசரமாக மரத்தில் தற்காலிகச் சாய்தளங்களைப் போட்டது. விருந்தாளி போனதும் மரப்பலகையைக் கழற்றிவிட்டால் உள்ளூர்க்காரன் என்ன செய்வான் என்ற கேள்வி அப்போதுதான் சூடு பிடித்தது. இன்று குதுப் வளாகத்தில் நிரந்தரச் சாய்தளங்கள் இருக்கின்றன. 1995-ல் ஒரு சட்டம், அதற்குப் பதிலாக 2016-ல் இன்னும் விரிவான மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் என்று காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. காகிதத்துக்கும் வாசற்படிக்கும் நடுவே இருக்கும் தூரம்தான் இந்தப் பக்கத்தின் மீதிக் கதை.

எந்த இடம் சுலபம், எது கஷ்டம்?

முதல் நாளுக்கு நான் எப்போதும் வைப்பது குதுப் மினார். கோபுரம் சுமார் 73 மீட்டர். உள்ளே 379 படிகள், ஆனால் 1981-ல் நடந்த நெரிசல் விபத்துக்குப் பிறகு யாரையும் ஏற விடுவதில்லை. அதாவது ஒலிம்பிக் வீரரும் கீழே நின்று அண்ணாந்துதான் பார்க்க வேண்டும், நம் ஆளும் அப்படியே. வந்தவர்களிடம் இதைச் சொன்னால் முகத்தில் ஒரு சிரிப்பு வரும், பயணம் அங்கேதான் தொடங்கும். அங்கிருக்கும் இரும்புத் தூணைச் சுற்றிக் கம்பிவேலி இருக்கிறது, அதையும் யாரும் தொட முடியாது. சுமார் 1600 ஆண்டுகளாகத் துருப்பிடித்து உதிராமல் நிற்கிற தூண் அது. தரையில் பழைய கற்களின் இடுக்கில் முன்சக்கரம் மாட்டும், அது மட்டும் கவனம்.

செங்கோட்டை பரவாயில்லை. 1639-ல் தொடங்கி 1648-ல் ஷாஜகான் கட்டி முடித்தது. லாகூரி வாசலில் நுழைந்ததும் கூரை போட்ட பழைய கடைத்தெரு வரும், சத்தா சௌக். வெயிலோ மழையோ தெரியாது, வளையலும் பையும் பார்த்துக்கொண்டே போகலாம். அதைத் தாண்டினால் நீண்ட தூரம். தள்ளுகிறவருக்குத்தான் பரீட்சை. திங்கட்கிழமை விடுமுறை.

ஹுமாயூன் சமாதியில் தோட்டம் அருமை, மேடை கஷ்டம். ஆள் உயரத்தைவிடப் பல மடங்கு உயர்ந்த மேடை, அதற்குச் செங்குத்தான படிகள். இதில் ஒரு வேடிக்கை: ஹுமாயூன் 1556-ல் இறந்ததே நூலகப் படிக்கட்டில் இடறி விழுந்துதான். அவருக்குப் போய் இத்தனை படி வைத்துச் சமாதி! ஆனால் 2024-ல் அங்கே பூமிக்கு அடியில் ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். பழைய படிக்கிணறு மாதிரியான அமைப்பு, உள்ளே இறங்கச் சாய்தளம். டில்லியில் வீல்சேரை மனதில் வைத்துக் கட்டிய இடம் என்று என்னைக் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

ஜாமா மசூதி, முப்பதுக்கு மேல் படி. வெளியிலிருந்து பாருங்கள்.

லோதி தோட்டத்தைப் பலர் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. சேருங்கள். நல்ல நடைபாதை, நிழல், கிளிகள், புல்வெளிக்கு நடுவே பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுச் சமாதிகள். யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். தேசிய அருங்காட்சியகத்தில் லிஃப்ட் உண்டு, அதற்கும் திங்கள் விடுமுறை. மொகஞ்சதாரோவின் நடனப் பெண் சிலை அங்கேதான் இருக்கிறது. வெறும் பத்தரை செ.மீ. உயரம். படத்தில் பார்த்துப் பெரிதாக நினைத்தவர்கள் எல்லோரும் ஒருமுறை ஏமாறுவார்கள். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளும் உண்டு. நம்மூர்க்காரர்களை அங்கிருந்து கிளப்புவதுதான் பெரும்பாடு.

சாந்தினி சௌக்கில் வீல்சேரா? அந்தக் கூட்டத்திலா?

ஆமாம். செங்கோட்டையிலிருந்து ஃபதேபுரி மசூதி வரை சுமார் 1.3 கிலோமீட்டர் சாலையைச் சீர்செய்து 2021-ல் திறந்தார்கள். காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டிக்கு அனுமதியில்லை. தரை சமமான கல். பெரிய சாலையில் சிரமமில்லை. பக்கத்துச் சந்துகளுக்குள் நுழைந்தால் கதை வேறு: மூட்டை, தள்ளுவண்டி, திறந்த சாக்கடை, தலைக்கு மேல் ஒயர். பராத்தாக் கடைகளுக்குப் பேர்போன பராட்டே வாலி கலி என்ற சந்துக்குப் போகாமல் இருக்க முடியாது என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒரு யோசனை: ஒருவர் உள்ளே போய் வாங்கி வந்தால் சந்து முனையில் எல்லோரும் சாப்பிடலாம். காலை ஒன்பதரைக்குப் போனால் கடைகள் பாதிதான் திறந்திருக்கும், வழி முழுவதும் திறந்திருக்கும்.

ஹோட்டல்காரர் “வீல்சேர் வசதி இருக்கு” என்று சொன்னார். நம்பலாமா?

நம்பாதீர்கள். அவர் பொய் சொல்வதாக அர்த்தமில்லை. “வசதி” என்ற வார்த்தைக்கு அவர் மனதில் வேறு பொருள். ஒருமுறை நான் இப்படி நம்பி ஒரு ஹோட்டலில் அறை போட்டேன். போய் இறங்கினால் வாசலில் இரண்டு படி. “பஸ், தோ ஹீ ஸீடி ஹை ஸார்” (இரண்டே படிதான் சார்) என்று சிரித்துக்கொண்டே இரண்டு பையன்கள் ஓடி வந்து அக்காவின் நாற்காலியை ஆளுக்கொரு கைப்பிடியாகப் பிடித்துத் தூக்கினார்கள். அந்தக் கைப்பிடி கழற்றி மாட்டும் வகை. ஒன்று கையோடு வந்துவிட்டது. நல்லவேளை, பின்னால் நான் பிடித்திருந்தேன். அறைக்குள் போனால் குளியலறைக் கதவில் நாற்காலி நுழையவில்லை. இரண்டு விரல்கடை அகலம் போதவில்லை.

அன்றிலிருந்து நான் “வசதி இருக்கா” என்று கேட்பதே இல்லை. மூன்று எண்கள் கேட்பேன். வாசலில் எத்தனை படி? குளியலறைக் கதவின் திறப்பு எத்தனை அங்குலம்? கட்டில் தரையிலிருந்து எத்தனை உயரம்? சாதாரண வீல்சேருக்கு 25, 26 அங்குல அகலம் இருக்கும், பழைய ஹோட்டல்களில் குளியலறைக் கதவு 24-தான் வைத்திருப்பார்கள். டேப் வைத்து அளந்து, டேப்போடு சேர்த்து போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குகிற இடத்தில் தங்க வேண்டாம்.

சாய்தளம் இருக்கிறது என்றால் அதற்கும் ஒரு கணக்கு. 1-க்கு 12 என்பது விதி. அரை அடி உயரத்துக்கு ஆறு அடி நீளம். இரண்டு படிக்கு மேல் மூன்றடிப் பலகையைச் சாய்த்து வைத்திருந்தால் அது சாய்தளம் இல்லை, பார்க்கில் இருக்கும் சறுக்குமரம்.

டாக்சி கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் டிக்கியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். டில்லி டாக்சிகள் பெரும்பாலும் சி.என்.ஜி. வண்டிகள், டிக்கியில் சிலிண்டர் படுத்திருக்கும், பெட்டி வைக்கவே இடமிருக்காது, வீல்சேரை எங்கே வைப்பது? மேலே கேரியர் உள்ள வண்டி, அல்லது சிலிண்டர் இல்லாத பெரிய வண்டி என்று முதலிலேயே சொல்லி வையுங்கள். பெரிய வண்டியிலும் சீட் உயரம் ஒரு பிரச்சினை. நாற்காலியிலிருந்து தானே நகர்ந்து உட்காருகிறவர்களுக்கு வாகன்-ஆர் மாதிரி வண்டி சௌகரியம், சீட் ஏறக்குறைய வீல்சேர் உயரத்திலேயே இருக்கும். ஆட்களுக்கு ஒரு வண்டி, நாற்காலிக்கும் பெட்டிக்கும் பின்னால் ஒரு ஆட்டோ என்று போன நாட்களும் உண்டு. கணக்குப் பார்த்தால் அதுவே மலிவு.

மெட்ரோ?

தாராளமாக. 2002-ல் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து லிஃப்டை மனதில் வைத்துக் கட்டியது. நுழைவாயிலில் ஊழியரிடம் சொன்னால் உதவிக்கு ஆள் வருவார். செங்கோட்டைக்கு லால் கிலா, மசூதிப் பக்கம் ஜாமா மஸ்ஜித் என்று ஊதாத் தடத்தில் அந்தந்த வாசலிலேயே நிலையங்கள் உண்டு, 2017-ல் திறந்தவை. குதுப் மினார் என்ற பெயரில் மஞ்சள் தடத்தில் நிலையம் இருக்கிறதே என்று இறங்கிவிடாதீர்கள், கோபுரம் அங்கிருந்து நடக்கிற தூரத்தில் இல்லை. மாலை ஆறு மணிக் கூட்டத்தில் ராஜீவ் சௌக் நிலையத்துப் பக்கம் வேண்டவே வேண்டாம். மெட்ரோவின் பிரச்சினை மெட்ரோவில் இல்லை, நிலையத்துக்கு வெளியே இருக்கும் நடைபாதையில்தான்: முழங்கால் உயரத்துக்கு ஏறும், பைக் நுழையாமல் இருக்க நட்ட கம்பம் வரும், அப்புறம் திடீரென்று காணாமல் போகும்.

சென்னையிலிருந்து ரயிலா, விமானமா?

விமானத்துக்கு 48 மணி நேரம் முன்பே வீல்சேர் உதவி கேட்டுப் பதிவு செய்யுங்கள். அப்போது ஒரு குறியீடு போடுவார்கள், அதைச் சரியாகக் கேட்டு வாங்குங்கள். டபிள்யூ.சி.எச்.ஆர். என்றால் தூரம் நடக்க முடியாது, படி ஏறுவார் என்று பொருள். எஸ். என்று முடிந்தால் படி ஏற மாட்டார். சி. என்று முடிந்தால் சீட் வரை தூக்கி உட்கார வைக்க வேண்டும். சும்மா “வீல்சேர்” என்று மட்டும் சொன்னால் முதல் வகையில் போட்டுவிடுவார்கள், கடைசியில் ஏணிப்படி அடியில் நின்று வாதாட வேண்டி வரும். பேட்டரி வீல்சேர் என்றால் பேட்டரி வகையையும் முன்பே சொல்ல வேண்டும்.

ரயிலில் துணை இல்லாமல் பயணிக்க முடியாத உடல் ஊனமுற்றவருக்கும் கூட வரும் ஒருவருக்கும் ஸ்லீப்பர், மூன்றாம் ஏ.சி. வகுப்புகளில் கட்டணத்தில் 75 சதவீதம் தள்ளுபடி. அதற்கான அடையாள அட்டையை ஊரிலேயே வாங்கி வையுங்கள். ஆனால் ஏ.சி. பெட்டியின் வாசலிலும் இடைவழியிலும் சாதாரண வீல்சேர் போகாது. தூக்கித்தான் ஏற்ற வேண்டும், கழிவறையும் அப்படியே. ஒன்றரை நாள் பயணம் என்பதால் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு நான் விமானத்தையே சொல்வேன். புது டில்லி ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் 1 அல்லது 16-ம் நடைமேடையாக அமைந்தால் அதிர்ஷ்டம், நேரே வெளியே வந்துவிடலாம்.

தாஜ் மஹால்?

வெள்ளிக்கிழமை விடுமுறை, முதலில் அதைப் பாருங்கள். பெட்ரோல், டீசல் வண்டிகளைத் தூரத்திலேயே நிறுத்திவிடுவார்கள், அங்கிருந்து பேட்டரி வண்டியில் வாசல் வரை போகலாம். தோட்டம், நீர்ப்பாதை, நடுவில் இருக்கும் பளிங்குக் குளம் வரை வீல்சேருக்குப் பெரிய தடையில்லை. கடைசிப் பளிங்கு மேடைக்குப் படி. டில்லியிலிருந்து கதிமான் ரயில் மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் போகிறது, ஆனால் ஏறி இறங்குவது சிரமம் என்றால் காரே மேல். யமுனா விரைவுச்சாலை 165 கிலோமீட்டரும் குண்டுகுழி இல்லாத சாலை. அதிகாலை பனிமூட்டத்தில் மட்டும் அதில் போகாதீர்கள். சூரிய உதயத்தில் தாஜ் பார்க்கும் ஆசை இருந்தால் முந்தின நாளே ஆக்ரா போய்த் தங்குங்கள்.

ஜெய்ப்பூரில் எல்லாம் கோட்டை, மலை. அங்கே போய் என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குப் பிடிக்கும். ஹவா மஹால் தெரியுமல்லவா, 953 ஜன்னல் என்பார்களே, தேன்கூடு மாதிரி? 1799-ல் கட்டியது, ஐந்து அடுக்கு. அதன் மேல்மாடிகளுக்குப் படிக்கட்டே கிடையாது, சாய்தளம்தான்! ராணிகளின் பல்லக்கு ஏறுவதற்காக அப்படிக் கட்டினார்கள் என்று கைடுகள் சொல்வார்கள். இருநூறு வருடம் முன்பு வேறு காரணத்துக்காகக் கட்டியது இன்று நமக்கு உதவுகிறது. ஆனால் 1-க்கு 12 கணக்கெல்லாம் அங்கே கிடையாது. செங்குத்து, குறுகல், திருப்பம். பலமான ஒருவர் பின்னால், ஒருவர் முன்னால், இறங்கும்போது நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இறக்க வேண்டும். சனி, ஞாயிறு கூட்டத்தில் முயல வேண்டாம். அக்கா முதல் இரண்டு தளம் போனாள், அதற்கு மேல் “போதும்டா, உனக்கு மூச்சு வாங்குது” என்றாள்.

பழைய வானியல் ஆய்வுக்கூடமான ஜந்தர் மந்தரும் நல்ல இடம், கருவிகளைக் கீழிருந்தே பார்த்துப் புரிந்துகொள்ளலாம். ஆமேர் கோட்டைக்கு மலை ஏற ஜீப் கிடைக்கும், உள்ளே நிறையப் படி. நேரம் குறைவென்றால் அதை விட்டுவிடலாம்.

கழிவறைக்கு என்ன செய்வது?

பெண்கள் எல்லோரும் முதலில் கேட்பதும், ஆண்கள் கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்பதும் இதைத்தான். பெரிய நினைவுச் சின்னங்களில் வீல்சேர் படம் போட்ட கதவு இருக்கும். அது பூட்டியிருக்கும், சாவி யாரிடமோ இருக்கும், அல்லது உள்ளே துடைப்பமும் வாளியும் இருக்கும். அதனால் டிக்கெட் வாங்கும்போதே ஒருவர் போய்த் திறந்து பார்த்துவிட்டு வர வேண்டும், அவசரம் வந்த பிறகு அல்ல. நம்பகமான இடங்கள் பெரிய மால்கள், நட்சத்திர ஹோட்டல் லாபிகள், நெடுஞ்சாலையில் புதிதாகக் கட்டிய உணவகங்கள். ஒவ்வொரு நாள் திட்டத்தையும் நான் இவற்றைச் சுற்றித்தான் போடுகிறேன், சமாதிகளைச் சுற்றி அல்ல. தண்ணீர் குடிக்காமல் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், சிறுநீர்த் தொற்று வந்தால் பயணமே போச்சு.

எந்த மாதம் நல்லது?

பிப்ரவரி, மார்ச் முதல் பாதி. அக்டோபரும் நல்லதுதான். தீபாவளிக்குப் பிறகு காற்று கெட்டுவிடும், மூச்சுத் தொந்தரவு இருப்பவர்கள் நவம்பரைத் தவிர்க்கவும். மே, ஜூன் பேச்சே வேண்டாம். முதுகுத்தண்டு பாதிப்பு உள்ளவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது, உடம்பு சூட்டை வெளியே தள்ளத் தெரியாமல் தவிக்கும்.

ஜனவரியில் வருகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். நம்மூர்க்காரர்கள் குளிர் தாங்காமல் ஹீட்டரைக் கால் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். காலில் உணர்ச்சி இல்லாதவருக்குச் சுடுவது தெரியாது, காலையில் பார்த்தால் கொப்புளம். வெந்நீர்ப் பையும் அப்படித்தான். இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை போதும்.

சொந்த வீல்சேர் கொண்டு வரணுமா?

கொண்டு வாருங்கள். உட்கார்ந்து பழகிய நாற்காலியும் மெத்தையும் மாறினால் நாலு நாளில் புண் வந்துவிடும். முன்சக்கரம் பெரிதாக இருந்தால் கல்தரைக்கு நல்லது. காற்றடிக்கும் டயர் என்றால் ஒரு உபரி ட்யூப். எந்தச் சைக்கிள் கடையிலும் பஞ்சர் போடுவார்கள், ஆனால் அந்த அளவு ட்யூப் எல்லாக் கடையிலும் இருக்காது.

எங்களுக்கு ஹிந்தி தெரியாதே?

தமிழ் பேசும் கைடுகள் குறைவு. வரலாற்றை நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஹிந்தி கொஞ்சம்தான். “ருக்கியே” என்றால் நில்லுங்கள். “தீரே” என்றால் மெதுவாக. அப்புறம் முக்கியமான ஒன்று: “ஹத்தா மத் பகடியே, ஃப்ரேம் பகடியே.” கைப்பிடியைப் பிடிக்காதீர்கள், சட்டத்தைப் பிடியுங்கள். இதைக் குழந்தைப் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்துவிட்டு ரயில் ஏறுங்கள்.

அம்மா மலை மந்திர் பார்க்கணும் என்கிறார்.

ஆர்.கே. புரத்து உத்தர சுவாமிமலை. பெயரிலேயே மலை இருக்கிறது, முருகன் மேலே, படி ஏற வேண்டும். மீனாட்சி சுந்தரேஸ்வரர் சன்னிதி கீழேயே உண்டு. போகும் முன் கோவில் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அங்கே தமிழிலேயே கேட்கலாம்.

ஒரு நாளைக்கு எத்தனை இடம்?

இரண்டு. மூன்று என்று கெஞ்சுவார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

படி வந்தால் நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு போய்விடலாமே?

தூக்கலாம். ஆனால் தூக்கப்படப் போகிறவரைக் கேட்டுவிட்டுத் தூக்குங்கள், பிள்ளைகளையோ மருமகனையோ அல்ல. சிலர் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். சிலருக்கு அத்தனை பேர் பார்க்கப் பல்லக்கு போவது பிடிக்காது, பிள்ளைகள் ஆசைப்படுகிறார்களே என்று வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள். முகத்தைப் பாருங்கள்.

ஹுமாயூன் சமாதியில் காவலர்கள் நாலு பேர் அக்காவைத் தூக்கத் தயாராக வந்தார்கள். “வேண்டாம், நீங்க போய் வாங்க” என்று அக்கா மேடைக்குக் கீழே மரத்தடியில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் ஏறி, சுற்றி, மூச்சிரைக்க இறங்கி வந்தோம்.

“மேல என்ன இருக்கு?”

“கல்லறை.”

அது அடையாளத்துக்கு வைத்த கல். உடலைப் புதைத்த இடம் அதற்கு நேர் கீழே, தரைக்கடியில் இருக்கிறது. மேடைக்கு உள்ளேயும் அறை அறையாக நூற்றுக்கு மேல் சமாதிகள். இதையெல்லாம் நான்தான் காலையில் வண்டியில் வரும்போது அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

“அப்ப ராஜா என் பக்கத்துலதான் இருக்கார்” என்று கடலையை நீட்டினாள்.